அம்பு நடுங்கக் கூடாது

அந்த நிறுவனத்தில் அவனுக்குப் பயிற்சிக் காணொளிப் பதிவாளர் என்று பதவி. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும் என்பதால் எல்லோரும் அவனை அம்பு என்றே கூப்பிட்டார்கள். கணினியில் மவுஸை நகர்த்தினால் திரையில் கூடவே நகருமே ஒரு சின்ன வெள்ளை அம்பு, அதுதான் அவன் பிழைப்பு. நிறுவனம் பெரிய பெரிய அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்து விற்றது. வாங்கியவர்களுக்கு அதை ஓட்டத் தெரியாது. விற்றவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் எங்கே போய் எதை அமுக்க வேண்டும் என்று அம்பு ஒவ்வொரு வேலையாகத் திரையில் செய்து காட்டுவான். அதை வீடியோவாகப் பிடித்து அனுப்புவார்கள். அதில் அவன் முகம் வராது. குரலும் அவனுடையது இல்லை. அதற்குத் தேன் தடவிய குரலோடு ஒரு பெண்மணி தனியாக இருந்தார். அவனுடையது என்று வீடியோவில் இருந்தது அந்த அம்பின் நடை ஒன்றுதான்.

அந்த நடையில் அவனுக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. வலது கையைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தான். அந்தக் கையால் வாளி தூக்க மாட்டான், துணி பிழிய மாட்டான். யாராவது கைகுலுக்க வந்தால் பெரிய கும்பிடாகப் போட்டுத் தப்பித்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது அவள் ஒரு பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னால்கூட, இடது கையால் இரண்டு திருகு திருகிவிட்டு அவளிடமே திருப்பி நீட்டுவான். அக்கா அதை ஒரே திருகில் திறந்துவிட்டு, இந்தக் கையை இன்ஷூர் பண்ணி வைத்திருக்கிறாயா என்று கேட்பாள்.

பதிவு அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு காலத்தில் துடைப்பமும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்த இடம். வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்திருந்தார்கள். மவுஸை அமுக்கும் சத்தம் அசலாகக் கேட்க வேண்டும் என்று மைக் வைத்திருந்ததால் மின்விசிறி போடக் கூடாது. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. அந்தப் புழுக்கத்தில் அம்பு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அம்பை இழுத்துப் போவான். போய்ச் சேர்ந்த பிறகுதான் மூச்சை விடுவான்.

இந்தக் கலையை அவனுக்குள் ஏற்றியவர் மேலாளர். அவருக்கு அலுவலகத்தில் வழவழா என்று பெயர். எல்லாம் வழவழவென்று போக வேண்டும் என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வார், அதனால் அந்தப் பெயர். எதைக் கேட்டாலும் பிடி கொடுக்காமல் பேசுவார், அதனாலும் அந்தப் பெயர். அம்பு விஷயத்தில் மட்டும் அவரிடம் குழப்பமே கிடையாது. அம்பு நடுங்கக் கூடாது. நேர்கோட்டில் போகக் கூடாது, மிஷின் போலத் தெரியும். மெல்லிய வளைவாக வளைந்து போக வேண்டும். போன வழியே திரும்பி வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கேயும் நிற்கக் கூடாது. "நிக்கிற அம்பைப் பார்த்தா வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வரும்" என்பார். அம்பு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதி மெத்தையில் குத்தி வைத்திருந்தான்.

மனிதக் கை எவ்வளவு பிடித்தாலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அதற்கு ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். மெழுகு என்று அதற்கு அவர்களே வைத்த பெயர். பிடித்த வீடியோவை அதற்குள் போட்டால் அம்பின் நடுக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டு, அது போன வழியை அழகான வளைவாக மறுபடி வரைந்து கொடுக்கும். அம்பு எங்கேயாவது சும்மா நின்றிருந்தால் அந்த நேரத்தைக் கத்தரித்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடும். ஒட்டிய இடம் யாருக்கும் தெரியாது.

நீர் வழங்கல் அலுவலகத்துக்காக அறுபத்து நான்கு வீடியோக்கள் எடுத்தார்கள். வீட்டுக்குக் குழாய் இணைப்பு கேட்டு வருபவர்களின் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றும் மென்பொருள் அது. நாற்பத்தோராவது வீடியோவில் ஒரு வில்லங்கம் இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பி, கீழே இடது பக்கம் இருக்கும் 'சேமி' என்ற பொத்தானை அமுக்கினால் மென்பொருள் ஏழு விநாடி யோசிக்கும். பிறகு ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் வரும். எண் வந்த பிறகு மேலே வலது பக்கம் இருக்கும் 'அடுத்து' பொத்தானை அமுக்கினால் எல்லாம் சரி. எண் வருவதற்கு முன்பே அமுக்கிவிட்டால் விண்ணப்பம் போன இடம் தெரியாது. அதற்காக மென்பொருள் ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்காது. பவ்யமாக அடுத்த வெற்றுப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

அம்பு இதை மென்பொருள் எழுதியவர்களிடம் சொன்னான். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னார்கள். எதைச் சொன்னாலும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். மேலாளரிடம் சொன்னான். ஏழு விநாடி அம்பு தேமே என்று நின்றால் பார்க்கிறவர்கள் மென்பொருளே மந்தம் என்று நினைத்துவிடுவார்கள், அந்த ஏழையும் வெட்டிவிடு என்று அவர் சொன்னார். அம்பு அப்போது சண்டை போட்டிருக்கலாம். குறைந்தபட்சம் முகத்தையாவது சுளித்திருக்கலாம். அவன் செய்யவில்லை. காரணம் பயம் என்று சொன்னாலாவது மன்னிக்கலாம். ஏழு விநாடியை வெட்டியதும் 'சேமி'யிலிருந்து 'அடுத்து' வரைக்கும் கீழிருந்து மேலே ஒரே மூச்சில் ஒரு வளைவு கிடைத்தது. அவன் வாழ்நாளில் அப்படி ஒரு வளைவு அமைந்ததில்லை. அதைப் பதினோரு தடவை போட்டுப் பார்த்தான், பன்னிரண்டாவது தடவை குரல் கொடுக்கும் பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினான். மேலாளர் அவன் முதுகில் தட்டி, நீர் வழங்கல் அலுவலக வேலை நல்லபடியாக முடிந்ததும் அவனைப் பயிற்சித் தலைவர் ஆக்குவதாகவும், இரண்டாம் மாடியில் ஜன்னல் வைத்த அறை அவனுக்குத்தான் என்றும் வாக்குக் கொடுத்தார். அன்று மாலை அம்பு இரண்டாம் மாடிக்குப் போய் அந்த ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தான்.

அந்த நீர் வழங்கல் அலுவலகத்தில் மூன்றாம் கவுன்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவன் அக்கா. வந்தவர்கள் படிவத்தை எடுத்து நீட்டுவதற்குள் அதில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய கணவர் முதுகில் அடிபட்டு இரண்டு வருடமாக வீட்டோடு இருந்தார். அவள் வேலைதான் அந்த வீட்டை நிறுத்தி வைத்திருந்தது. தம்பியை எவ்வளவு கேலி செய்தாலும், அலுவலகத்தில் அந்த அறுபத்து நான்கு வீடியோவும் தன் தம்பி எடுத்தது என்று காவல்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். மற்றவர்கள் ஒரு தடவை பார்த்து மறந்ததை அவள் வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். அம்பு எங்கே வளைகிறதோ அங்கே வளைந்தாள். அவளைப் பார்த்து நான்காம் கவுன்டரும் ஐந்தாம் கவுன்டரும் வளைந்தன. வளைப்பதில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று அங்கே எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

முதல் கவுன்டர்காரர் மட்டும் விதிவிலக்கு. பயிற்சி நடந்த மூன்று நாளும் கடைசி வரிசையில் அமர்ந்து நிம்மதியாகத் தூங்கியவர் அவர். 'சேமி'யை அமுக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார், எதிரே நிற்பவரிடம் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அதற்குப் பிறகுதான் அடுத்த பொத்தானைத் தேடுவார்.

இரண்டு மாதம் கழித்து, விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பதிவு எண் கைபேசிக்கு வரும் என்றீர்களே, எங்கே என்று கேட்டார்கள். தேடிப் பார்த்தால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. யாருடைய கவுன்டரில் எத்தனை தொலைந்தது என்று மேலிடத்தில் கணக்கெடுத்தார்கள். முதல் கவுன்டரில் ஒன்றுகூடத் தொலையவில்லை. அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். மூன்றாம் கவுன்டரில் இருபத்து மூன்று, அலுவலகத்திலேயே அதிகம். அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. கவனக்குறைவுக்காக ஏன் வேலையிலிருந்து விடுவிக்கக் கூடாது என்று திங்கட்கிழமை நேரில் வந்து விளக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்பு போனபோது அக்கா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன் மேல் கணினியை வைத்திருந்தாள். கடிதத்தை அவன் முன்னால் போட்டாள். பயிற்சிக்கென்று கொடுத்திருந்த மாதிரி மென்பொருளைத் திறந்தாள். தான் எங்கே தப்புச் செய்கிறோம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். இருபது வருடத்தில் அவள் அவனிடம் எதையும் சொல்லித்தரக் கேட்டதில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

அக்கா ஒரு விண்ணப்பத்தை நிரப்பினாள். 'சேமி'யை அமுக்கினாள். அமுக்கிய கை நிற்காமல், கீழிருந்து மேலே, மெல்ல வளைந்து, தாமதிக்காமல், நடுங்காமல் 'அடுத்து'வுக்குப் போய்ச் சேர்ந்தது. அது அவனுடைய வளைவு. நாற்பத்தோராவது வீடியோ அப்படியே உயிரோடு எழுந்து வந்து அந்த மேசை மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு.

"சரியாத்தானேடா பண்றேன்?" என்றாள் அக்கா.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் கண் முன்னால் அக்காவின் கடிதமும் இருந்தது, இரண்டாம் மாடி ஜன்னலும் இருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அவன் பார்த்தது ஜன்னலை. எல்லாம் சரிதான், இங்கே நெட் கொஞ்சம் மெதுவாக இருக்கும், 'சேமி' அமுக்கிவிட்டு மனசுக்குள் ஏழு எண்ணினால் போதும், நாளைக்கு அங்கே செய்து காட்டச் சொன்னால் அப்படியே செய்துவிடு என்று மழுப்பினான்.

"வீடியோல நிக்கலையே."

"வீடியோ வேற, நிஜம் வேறக்கா."

"அப்ப வீடியோ எதுக்கு?"

அவன் தேநீரைக் குடித்தான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. அக்கா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கவுன்டரில் பத்தொன்பது வருடம் பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவள் அவள். கணினியை மூடிவிட்டு, சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை விசாரணைக்கு நிறுவனத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். மென்பொருளில் குற்றமில்லை என்று நிரூபிக்க மேலாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், கூடவே அம்புவையும் இழுத்து வந்தார். வரும் வழியில் அந்த மூன்றாம் கவுன்டர்காரி அவனுடைய அக்கா என்று அம்பு சொன்னான். மேலாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்படியா, நல்லது, குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். என்ன அர்த்தம் என்று கடைசி வரை விளங்கவில்லை.

கூட்ட அறையில் நீளமான மேசை. ஒரு பக்கம் மேலாளரும் அம்புவும். எதிர்ப்பக்கம் அக்கா தனியாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. தலைப்பக்கம் நீர் வழங்கல் அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர் அம்மா. அதிகம் பேசாதவர், பேனாவைக் கழற்றி மூடும் சத்தத்திலேயே ஆட்களை எடை போடுகிறவர். முதலில் நாற்பத்தோராவது வீடியோவைப் போடச் சொன்னார். விளக்கை அணைத்துச் சுவரில் காட்டினார்கள். தேன் தடவிய குரல் சொல்லச் சொல்ல, சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு விரிந்த படத்தில் அம்பு 'சேமி'யைத் தொட்டு, வளைந்து, மிதந்து, 'அடுத்து'வில் போய் இறங்கியது. மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு சுலபம் பாருங்கள் மேடம், ஒரு குழந்தை செய்துவிடும் என்றார்.

பொறியாளர் அம்மா அக்காவைச் செய்து காட்டச் சொன்னார். அக்கா எழுந்து போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நிரப்பினாள். 'சேமி'யை அமுக்குவதற்கு முன்னால் திரும்பி, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பியை ஒரு தடவை பார்த்தாள். அவன் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துக் காட்டினான். அக்கா திரும்பிக்கொண்டாள். அமுக்கினாள். எண்ணவில்லை. சுவரில் அம்பு நிற்காமல் வளைந்து மேலே ஏறியது. சற்று முன் வீடியோவில் போனதற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. தேடச் சொன்னார்கள். அப்படி ஒரு விண்ணப்பம் இல்லை என்று திரை சொன்னது.

அவள் ஏன் எண்ணவில்லை என்று அம்புக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணி, எண் வந்திருந்தால், தொலைந்த இருபத்து மூன்றும் அவள் தலையில் நிரந்தரமாக ஏறியிருக்கும். ஏழு விநாடி நிற்கத் தெரியாதவள் என்று ஆகியிருப்பாள். அவள் தப்பு எதுவும் செய்யவில்லை. தம்பி காட்டியதை இம்மி பிசகாமல் செய்தாள், அவ்வளவுதான்.

அவசரப்பட்டுவிட்டார்கள் மேடம் என்றார் மேலாளர். வீடியோவும் இதே வேகத்தில்தானே போனது என்று கேட்டார் பொறியாளர் அம்மா. வீடியோ என்பது ஒரு லட்சிய நிலை, அனுபவத்தில் ஒரு நிதானம் தேவைப்படும், அந்த நிதானம் பயன்படுத்துகிறவரின் பக்குவத்தைப் பொறுத்தது என்று மேலாளர் நெய்யில் நனைத்து நனைத்துப் பேசினார். பேனா மூடும் சத்தம் ஒரு தடவை கேட்டது.

"வீடியோ எடுத்தது யாரு?"

மேலாளர் அம்புவைக் காட்டினார்.

"நீங்க வந்து செஞ்சு காட்டுங்க."

அவன் எழுந்தபோது மேலாளர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோரம், ஏழு எண்ணு, ஜன்னலை நினைத்துக்கொள் என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக இரண்டு விஷயம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் நின்றாள். அம்பு உட்கார்ந்தான். நாற்காலியில் அவள் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. மவுஸில் கை வைத்தான். சுவரில் அம்பு நடுங்கியது. மூன்றாம் மாடி அறையில் அந்த நடுக்கம் கடுகளவுகூடத் தெரியாது. இங்கே சுவரில் முழங்கை நீளத்துக்கு ஆடியது. மூச்சைப் பிடித்தான், ஆட்டம் நிற்கவில்லை. மெழுகு அங்கே இல்லை. பெயர், முகவரி, வீட்டு எண் என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடித் தேடி, கட்டத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிரப்பினான். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

'சேமி'யை அமுக்கினான்.

ஒன்று எண்ணினால் போதும், மீதி ஆறும் தானாக வந்துவிடும். ஜன்னல் வந்துவிடும். அக்கா வேலையை இழந்து வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் பக்கவாட்டில் பார்த்தான். அக்கா திரையைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவன் சிலேட்டில் எழுதும்போது அவள் அப்படித்தான் நிற்பாள். அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அம்பு ஆடி ஆடி, கோணல்மாணலாக, ஆனால் ஒரு விநாடிகூட நிற்காமல் மேலே ஏறி 'அடுத்து'வை அமுக்கியது.

வெற்றுப் படிவம் வந்தது. தேடினார்கள். அப்படி ஒரு விண்ணப்பம் இல்லை.

"உங்களுக்கும் வரலையே" என்றார் பொறியாளர் அம்மா.

"வராது மேடம். ஏழு விநாடி நிக்கணும், எண் வரணும், அப்பதான் அடுத்ததை அமுக்கணும். எடுத்தப்ப நான் நின்னேன். அப்புறம் அதை வெட்டிட்டேன்."

"ஏன்?"

மேலாளர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்பு அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

"அழகா இருந்துச்சு மேடம்."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொறியாளர் அம்மா அக்காவின் கோப்பை எடுத்து, கடிதத்தை இரண்டாகக் கிழித்து, பேனாவால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் கவுன்டர்காரர் எப்படித் தப்பித்தார் என்று கேட்டார். கண்ணாடி துடைப்பாரு மேடம் என்றாள் அக்கா. அந்தப் பாராட்டுக் கடிதத்தைத் திரும்ப வாங்கலாமா என்று பொறியாளர் அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வெளியே மாடிப்படியில் அக்கா அவனை நிறுத்தினாள். நன்றி சொல்வாள், கண் கலங்குவாள் என்று அந்த மடையன் எதிர்பார்த்தான்.

"நேத்து என் வீட்டு மேசையில உக்காந்திருந்தப்பவே உனக்குத் தெரியும்."

அவன் தலையை ஆட்டினான்.

"உன் மாமாவும் நானும் நேத்து தூங்கல. இந்த வேலை போனா என்ன பண்றதுன்னு பேசிட்டே இருந்தோம். நீ சாப்பிட்டுட்டுப் போயிட்ட."

அதைச் சொல்லிவிட்டு அவள் படியேறிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

நிறுவனத்தில் யாரும் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அறுபத்து நான்கு வீடியோவையும் மறுபடி எடுக்க வேறு கை இல்லை. பயிற்சித் தலைவர் பதவியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஜன்னல் வைத்த அறையில் பெரிய பிரின்டரை வைத்தார்கள். அதற்குக் காற்றோட்டம் தேவையாம். மென்பொருள் எழுதியவர்கள் அந்த ஏழு விநாடியை அடுத்த பதிப்பில் கட்டாயம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் 'சேமி' அமுக்கிய பின் ஏழு வரை எண்ணவும் என்று நீர் வழங்கல் அலுவலகத்தில் சுற்றறிக்கை விட்டார்கள். இரண்டு நாளில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது: வாய்விட்டு எண்ண வேண்டாம்.

தொலைந்த விண்ணப்பங்களை நிறுவனமே ஆள் அனுப்பி ஏற்றித் தர வேண்டும் என்று பொறியாளர் அம்மா உத்தரவு போட்டிருந்தார். மேலாளர் அம்புவை அனுப்பினார். சனிக்கிழமை காலையில் அவன் போனபோது மூன்றாம் கவுன்டருக்கு எதிரே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அக்கா தன் நாற்காலியைக் காட்டிவிட்டு, பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து படிவங்களை அடுக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் அவனிடம் பேசவில்லை.

வரிசையில் முதலில் நின்ற பெண்மணி இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பவர். பக்கத்து வீட்டுக்காரி இப்போதெல்லாம் கதவைத் திறக்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளாம். அதைச் சொல்லிக்கொண்டே படிவத்தைக் கம்பிக்குள் நீட்டினார். அம்பு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினான். இத்தனை வீடியோ எடுத்தவன், அந்தக் கட்டங்களில் நிஜமான ஒரு வீட்டின் எண்ணை எழுதுவது அதுதான் முதல் தடவை. 'சேமி'யை அமுக்கினான். கையை எடுக்காமல் காத்திருந்தான்.

பெண்மணி அவனைப் பார்த்தார், திரையின் முதுகைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சும்மா உக்காந்திருக்கீங்க? இந்தத் தடவையாவது ஏறுமா?"

வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் மேலாளர் சொன்னது சரிதான். வியர்வை வழிந்தது அவனுக்கு, தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தும். கை வெடவெடவென்று ஆடியது, திரையில் அம்பும் கூடவே ஆடியது. நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தவன் பின்பக்கம் திரும்பாமலேயே மெல்லச் சொன்னான்.

"கை நடுங்குதுக்கா."

அக்கா ஒரு படிவத்தை எடுத்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"நடுங்கட்டும். எண் வந்துச்சா?"

வந்திருந்தது. ஓரத்தில், பொடி எழுத்தில். அவன் கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிறுத்தி, அந்த அம்மாவுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.